தேதி என்னிடம், தெரு அவளிடம்

என்னோடு பேசாமல் இருக்கும் அன்பு அக்காவுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. (சா) இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே நீ சுகமாகவும் கோபமாகவும் இருப்பதாக மாமா சொன்னார். கோபம் குறைந்து சுகம் கூட வேண்டும் என்பதே என் விருப்பம். உன் வாஷிங் மெஷின்கள் மூன்றும் சாக்குப் போர்த்திக்கொண்டு உங்கள் வராந்தாவில் பத்திரமாக நிற்பதாகவும் கேள்விப்பட்டேன். அவற்றையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

மேலே நடுவில் ஒரு (சா) நிற்பதைப் பார்த்துத் திடுக்கிடாதே. அது 'சாதாரணம்' என்பதன் சுருக்கம். அலுவலகத்தில் எதை எழுதினாலும் பத்திக்குப் பத்தி அதன் தரத்தைக் குறிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். கை தானாகப் போட்டுவிடுகிறது. மாமாவின் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் அவர் பெயருக்கு நேரே (சா) என்று போட்டு அனுப்பிவிட்டு, மனிதர் ஏன் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நான் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தேன். நீயாவது விளக்கமாகச் சொல்லிவிடு. அவர் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். இனி இந்தக் கடிதத்தில் அதைப் போடாமல் இருக்கப் பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாமா போன் செய்தார். நீ நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் புதிதாக ஒரு கடை பார்த்து வைத்திருக்கிறாயாம், வருகிற வெள்ளிக்கிழமை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம், போட்டுவிட்டால் மூன்று வருஷத்துக்குப் பின்வாங்க முடியாதாம். "உங்க அக்கா ஒரே ஒரு வார்த்தை கேட்கச் சொன்னா. அந்தத் தெருவைத் தோண்டப் போறாங்களா இல்லையா? ஆமாவா, இல்லையா? தப்பாச் சொன்னாலும் சரி, சொல்லாம மழுப்பினாலும் சரி, இந்தக் கடையும் மண்ணாப் போச்சுன்னா மூணு மெஷினையும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்து உங்க ஹால்லயே சலவைக் கடை போட்டுடுவாளாம்" என்றார். அக்கா, எங்கள் ஹால் உனக்குத் தெரியும். சோபாவை நகர்த்தினால்தான் வாசல் கதவே முழுசாகத் திறக்கும். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல் பாசமாக எடுத்துக்கொண்டு, ஏன் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை என்பதை இத்தனை பக்கத்தில் எழுதுகிறேன். கடைசி வரை படி. பாதியில் கிழித்துவிடாதே.

நான் நகர நிர்வாகத்தில் சாலைப் பிரிவில் இருக்கிறேன், என் மனைவி குழாய்ப் பிரிவில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஊரில் பழைய குடிநீர்க் குழாய்களை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் பதிக்கிறார்கள். நிர்வாகத்திடம் இருப்பது ஒரே ஒரு பொக்லைன். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு தெருவைத்தான் தோண்ட முடியும்; அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. அந்தப் பொக்லைன் எப்போது கிளம்பும் என்பது என் மேசைக்கு வரும். எந்தத் தெருவுக்குப் போகும் என்பது வராது. எந்தத் தெரு என்பது அவள் மேசைக்கு வரும். எப்போது என்பது வராது. முன்பெல்லாம் இரண்டும் ஒரே தாளில் இருந்தது; சுவரில்கூட ஒட்டுவோம். அதைப் படித்துவிட்டுக் கடைக்காரர்கள் தோண்டுகிற அன்று காலையில் நாற்காலி போட்டு நடு ரோட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று மேலிடத்தில் யோசித்தார்கள். யோசித்ததன் பலனாகப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்து சேர்ந்தார்.

ரகசியம் என்றால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் அக்கா. ரகசியத்துக்கு இரும்பு அலமாரி உண்டு, பூட்டு உண்டு, சாவி உண்டு, சாவியைத் தொலைப்பதற்கென்று ஒரு அலுவலரும் உண்டு. இது ரகசியமே இல்லை. தெரிந்தால் யார் குடியும் முழுகிவிடாது, ஆனால் தெரியவும் கூடாது. பயிற்சியாளர் இதை விளக்கியபோது முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "இது ரகசியமா சார்?" என்று கேட்டார். "இல்லை" என்றார். "அப்போ வெளியே சொல்லலாமா?" "கூடாது." "அப்போ ரகசியம்தானே சார்?" "அந்த வார்த்தையையே சொல்லாதீங்க. ரகசியத்துக்குத் தனிச் சட்டம் இருக்கு, தனி ஆளுங்க இருக்காங்க. இது ரகசியமில்லாத, ஆனா வெளியே போகக்கூடாத தகவல். இதுக்குப் பேர் கட்டுப்பாட்டுக்குரியது." எனக்குப் பின்னால் கணக்குப் பிரிவு அம்மா, "எங்க மாமியார் வயசு மாதிரின்னு சொன்னா ஒரு நிமிஷத்துல புரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் தெரியும், எவனும் வாயைத் திறக்க முடியாது" என்றார். அதைவிடத் தெளிவாக அந்தக் கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். பயிற்சியாளர் அடுத்து ஒரு தம்ளர் பாலையும் பாதி எலுமிச்சம்பழத்தையும் மேசை மேல் வைத்தார். "பால் நல்லதா?" "நல்லது." "எலுமிச்சம்பழம்?" "நல்லது." பழத்தைப் பாலில் பிழிந்தார். "இப்போ?" "வீணாப் போச்சு சார்" என்றார் பியூன், உண்மையான வருத்தத்தோடு. "அதேதான். தேதி தனியா இருந்தா சாதாரணம். யாருக்கு வேணும்னாலும் சொல்லலாம். தெரு தனியா இருந்தா சாதாரணம். அதையும் சொல்லலாம். ரெண்டும் ஒரு தாள்ல, ஒரு கம்ப்யூட்டர்ல, ஒரு தலைக்குள்ள சேர்ந்தா கட்டுப்பாட்டுக்குரியது. மேலே மஞ்சள் அட்டை போட்டு மூடணும்." எல்லோரும் தலையை ஆட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் அலுவலகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அப்போது பார்த்து உன் தம்பி பெண்டாட்டி, பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பழக்கம் விடாமல், கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "சார், என் வீட்டுக்காரர் தேதி. நான் தெரு. நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம். இது சேர்த்து வைக்கிற கணக்குல வருமா?" என்று கேட்டாள். பயிற்சியாளர் அந்தத் திரிந்த பாலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் அவள்தான் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

மறுவாரம் இயக்குநர் எங்கள் இருவரையும் அழைத்தார். மேசையின் இந்தக் கோடியில் என்னை நிறுத்தினார், அந்தக் கோடியில் அவளை நிறுத்தினார். "நீங்க தனித்தனியா சாதாரணமானவங்க. சேர்ந்தா கட்டுப்பாட்டுக்குரியவங்க" என்றார். அவள் உடனே, "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவரை யாரும் இவ்வளவு உயர்வாப் பேசினதில்லைங்க சார்" என்றாள். இயக்குநர் சிரிக்கவில்லை. வீட்டில் இருவரும் வேலை பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசியதாகத் தெரிந்தால் இருவரில் ஒருவருக்கு எல்லைக் கிளைக்கு மாற்றல், எந்த ஒருவர் என்பதை நிர்வாகம் தீர்மானிக்கும் என்று எழுதி இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டார். எல்லைக் கிளை என்பது பஸ்ஸில் ஒரு நாள் போய், இறங்கி, அங்கிருந்து யாரையாவது கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய இடம். அக்கா, எனக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது. நான் பயந்தாங்கொள்ளி என்று நீ சின்ன வயதிலிருந்தே சொல்லி வருகிறாய். அதைப் பொய்யாக்க நான் இன்றுவரை எதுவும் செய்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடித்தனம் இருக்கிறதே, கேட்காதே. சமையலறை காலண்டரில் நான் பழக்கதோஷத்தில் தேதிகளைச் சுழித்து வைப்பேன் என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டாள். அதனால் எங்கள் கல்யாண நாளை இருவரும் மறந்தோம். மறந்ததற்கு நான் மட்டும் திட்டு வாங்கினேன். "தேதி உங்க இலாகா. நீங்கதானே ஞாபகம் வெச்சிருக்கணும்" என்றாள். அவள் தெருத் தெருவாகப் போய் அளவெடுத்துவிட்டு வருகிறவள். ஊருக்கு மேற்கே செம்மண், கிழக்கே களிமண். அவள் செருப்பைப் பார்த்தாலே எந்தப் பக்கம் போய் வந்தாள் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்பதால், செருப்பைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வர ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒரு நாள் என்னை நிறுத்தி, "ஏங்க, வீட்டுல ஏதாவது சண்டையா? நான் வேணா பேசிப் பார்க்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். "சண்டை இல்லைங்க, உத்தரவு" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் நல்ல மழை. குடை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வரலாமே என்று போன் செய்து, "எங்கேம்மா இருக்கே?" என்றேன். "அது என் பக்கத்துத் தகவல்" என்றாள். "சரி, எப்போ வருவே?" "அது உங்க பக்கம். நான் சொல்லக்கூடாது." நனைந்துகொண்டே வந்தாள். தும்மலுக்கு மட்டும் யாரும் இன்னும் தரம் குறிக்கவில்லை என்பதால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அதை மட்டும் தாராளமாகப் பரிமாறிக்கொண்டோம்.

இப்போது உன் முதல் கடைக்கு வருகிறேன். பழைய சந்தைத் தெரு. இதை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. நீ ரிப்பன் வெட்டினாய். மாமா எல்லோருக்கும் ஜூஸ் கொடுத்தார். மூன்று மெஷினும் புதுசாக, வெள்ளையாக, உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. நான் பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். வருகிற திங்கட்கிழமை பொக்லைன் கிளம்புகிறது என்று எனக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், 'இந்தத் தெருவாக இருந்தால்' என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே 'ஊகிப்பதும் சேர்ப்பதே' என்று கையேட்டில் போட்டிருப்பது ஞாபகம் வந்து, இரண்டு பிஸ்கட்டை ஒன்றாக வாயில் போட்டு அந்த ஊகத்தை விழுங்கினேன். அந்தப் பக்கம் அவள் கடையைப் பார்க்காமல் கடை வாசல் தரையையே பார்த்துக்கொண்டு, பேயறைந்த மாதிரி நின்றாள். அடுத்தது இந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியும். எப்போது என்று தெரியாது. அடுத்த வருஷமோ என்னவோ என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாளாம்; இது எனக்குப் பிறகு தெரிந்தது. பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வீடு வந்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். அதை இரண்டாக வெட்டி இரண்டு தட்டில் மறைத்த வீடு எங்கள் வீடுதான்.

திங்கட்கிழமை நடந்ததை உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கும் தெரியும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பொதுமக்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும் என்று விதி இருப்பதால் பொக்லைனின் முதுகில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அது உன்னைத் தாண்டிப் போன பிறகுதான் அதைப் படிக்க முடியும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே குழாய்க்கு வெட்டினதில் உன் கடை வாசலே கிளம்பிப் போய்விட்டது. பள்ளத்துக்கு மேலே ஒரு பலகை போட்டுக் கொடுத்தார்கள். பேங்க் மேனேஜர் துவைத்த சட்டைகளை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மூட்டையோடு பள்ளத்தில் இறங்கிவிட்டார். நீ அத்தனையையும் மறுபடி சும்மாவே துவைத்துக் கொடுத்தாய். இரண்டாம் முறையும் அவர் அதே இடத்தில் இறங்கினார். மூன்றாம் முறை துவைக்கத் தண்ணீர் வரவில்லை, குழாயைத்தான் கழற்றிவிட்டார்களே. அன்று சாயங்காலம் போன் செய்து, "தெரியுமாடா உனக்கு?" என்று கேட்டாய். நான், "பாதி தெரியும்க்கா" என்றேன். அது பொய் இல்லை, மழுப்பல் இல்லை, சரியாகப் பாதி. அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னாய். அவளும், "பாதிதாங்க அண்ணி" என்றாள். "ரெண்டு பாதியும் ஒரே கட்டில்லதானடி படுக்குது" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்தாய். அதற்குப் பிறகு இன்று வரை எடுக்கவே இல்லை.

நீ பேசாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை அக்கா. வாரத்துக்கு நாலு தடவை என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய். திட்டு வாங்காமல் ஒரு மனுஷன் எத்தனை நாள் தெம்பாக இருக்க முடியும்? அதை விடு. நீ அதோடு நிற்காமல் எங்கள் அலுவலக வாசலுக்கே வந்து, "என் தம்பியும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்து என் கழுத்தை அறுத்துட்டாங்க" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனாய். உன் துக்கம் உனக்கு. ஆனால் உள்ளே இருந்தவர்கள் காதில் கழுத்தும் விழவில்லை, அறுப்பும் விழவில்லை. 'சேர்ந்து' என்பது மட்டும் விழுந்தது. இருவரும் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு விசாரணை அலுவலர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

நல்ல மனிதர். யாரையும் அதிர்ந்து பேசாதவர். என்னைச் சமையலறையில் உட்கார வைத்து, "அடுத்த வேலைக்கான தேதி உங்களுக்குத் தெரியுமா? தெரு தெரியுமா?" என்று கேட்டார். தேதியைச் சொன்னேன், தெரு தெரியாது என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் பால்கனிக்குப் போய் அவளிடம் அதையே கேட்டார். அவள் தெருவைச் சொல்லிவிட்டுத் தேதி தெரியாது என்றிருக்கிறாள். திரும்பி வந்து, ரொம்பத் திருப்தியாக, "நீங்க ரெண்டு பேரும் சுத்தம். எழுதிக் கொடுத்துடறேன்" என்று டீயைக் கையில் எடுத்தார். எடுத்த டீ வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "என்ன சார், சர்க்கரை பத்தலையா?" என்றேன். அவர் முகம் வெளுத்துப்போய், "நான் சேர்த்துட்டேனே" என்றார். எங்களுக்குச் சேரவில்லை என்று நிரூபிக்கப் போய் அவர் தலைக்குள் சேர்ந்துவிட்டது. மறைத்திருக்கலாம். ஆனால் நேர்மையான ஆள், மறுநாள் காலையில் தானே போய் இயக்குநரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கட்டுப்பாட்டுக்குரியதை மேசை மேல் திறந்து வைக்கக்கூடாது, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் விட்டுவைக்கக்கூடாது, மஞ்சள் அட்டை இல்லாமல் வெளியே எடுக்கக்கூடாது என்பது விதி. மனுஷனுக்கு எப்படி அட்டை போடுவது என்று ஒரு நாள் முழுக்கக் கூட்டம் நடந்தது. கடைசியில் அவரைக் காகிதம், பேனா வைக்கும் பண்டக அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, கதவில் மஞ்சள் அட்டையை ஒட்டிவிட்டார்கள். யாரும் அவரோடு சாப்பிடக்கூடாது. வீட்டுக்குப் போகலாம், ஆனால் போகும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. பொக்லைன் அடுத்த தெருவில் போய் நிற்கிற அன்று காலையில் அவர் தானாகவே சாதாரணமாகிவிடுவார் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் அந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது என்பதால் அலுவலகத்தில் யாரிடமும் பேனா கிடையாது. இந்தக் கடிதத்தைப் பென்சிலில் எழுதுவதற்கு அதுதான் காரணம்; மரியாதைக் குறைவாக நினைக்காதே. வீட்டுக்கென்று பேனா வாங்கி எங்களுக்குப் பழக்கமில்லை. நேற்று அந்தக் கதவைத் தாண்டிப் போனேன். உள்ளேயிருந்து, "யாராவது இருக்கீங்களா? வெயிலா மழையான்னு மட்டும் சொல்லுங்களேன்" என்று குரல் வந்தது. வானிலைக்குத் தரம் உண்டா இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாததால் நடையை எட்டிப் போட்டேன்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவைத் தோண்டுவார்களா என்று நீ கேட்டதற்கு நான் 'ஆமா' என்று சொல்ல முடியாது. சரி, 'இல்லை'யாவது சொல்லேன் என்பாய். அதுவும் முடியாது. இன்றைக்கு உனக்கு ஒரு தெருவுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டால், நாளைக்கு இன்னொருவர் இன்னொரு தெருவைக் கேட்டு நான் சும்மா நின்றாலே அது 'ஆமா' ஆகிவிடும். ஆகவே ஊரில் உள்ள எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இது விதி. உண்மை என்னவென்றால், விதியே இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியாது. தெரு எனக்கு வருவதே இல்லை. அதை நீ எத்தனை மெஷினை ஹாலில் இறக்கினாலும் என் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

என்னிடம் இருக்கிற பாதியைத் தருகிறேன். தேதி மட்டும் தனியாக இருந்தால் சாதாரணம் என்று கையேட்டிலேயே இருக்கிறது, பக்கத்தைக் காட்டக்கூடத் தயார். பொக்லைன் அடுத்து கிளம்புவது லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை. திரும்ப நாலு மாதம் ஆகும். எங்கே என்று கேட்காதே. யூனிஃபார்ம் எல்லாம் துவைக்க வரும் என்று அதே திங்கட்கிழமை கடை திறக்க நீ நாள் குறித்திருப்பதாக மாமா சொன்னார். போனை வைத்துவிட்டுச் சமையலறை வாசல் வரைக்கும் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். "உப்பு இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். இதை நீ பயம் என்பாய். நான் கட்டுப்பாடு என்கிறேன். ஊரில் எல்லாக் குழாயும் கசிகிறது, ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக் கசியாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். அவளைப் பற்றி எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் ஒரு தெருப் பெயர் அவள் வாயிலிருந்து விழுந்ததில்லை. ஆகவே அவளைக் கேட்டு அவளையும் தர்மசங்கடத்தில் மாட்டாதே.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போட்டால் கடை நன்றாக நடக்கட்டும். உன் வாசலில் பலகை இல்லாமல் எல்லோரும் நேராக நடந்து வரட்டும். பேங்க் மேனேஜர் பழசை மறந்து சட்டைகளோடு திரும்பி வரட்டும். எதற்கும் ஒரு பலகை கைவசம் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. இது பொதுவான யோசனை, தெரு எதையும் குறிப்பதல்ல. மாமாவுக்கு என் வணக்கத்தையும் மேற்படி (சா) பற்றிய வருத்தத்தையும் தெரிவி. அவள் இப்போது வந்து, "முடிச்சிட்டீங்களா? குடுங்க, நான் கவர்ல போட்டு ஒட்டி நாளைக்குத் தபால்ல சேர்த்துடறேன்" என்கிறாள். வழக்கமாகத் தாளில் மிச்சமிருக்கும் இடத்தைக் கத்தரித்துக் குறிப்பெழுத எடுத்துக்கொள்பவள், இன்றைக்கு "இருக்கட்டும் விடுங்க, முழுசாவே போகட்டும்" என்கிறாள். உன் மேல் அவளுக்கு எவ்வளவு மரியாதை என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்.

போனை எடுத்து ஒரு தடவையாவது திட்டுவாய் என்று காத்திருக்கும்,
உன் கீழ்ப்படிந்த தம்பி.

பி.கு.

அண்ணி, வணக்கம். நான்தான் எழுதறேன். கவர்ல போடக் குடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்கார். நான் படிக்க மாட்டேன்னு அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நீங்க கேட்ட தெருவேதான் அண்ணி. நூலகத்தோட பின்வாசல்ல ஆரம்பிச்சுத் தபால் பெட்டி வரைக்கும், ரெண்டு பக்கமும். என்னைக்குன்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. இப்போ இவர் எழுதினதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதீங்க. தபால் பெட்டியைத் தாண்டி வலது கைப் பக்கம் ஒரு மருந்துக் கடையைக் காலி பண்ணிட்டுப் போயிருக்காங்க. அந்த வரிசைக்குப் போன வருஷமே குழாய் மாத்தியாச்சு, நான்தான் கூட நின்னு அளவெடுத்தேன். இனிமே ரொம்ப வருஷத்துக்கு அங்கே யாரும் கடப்பாரையோட வர மாட்டாங்க. தண்ணியும் நல்ல வேகமா வருது.

போன தடவை உங்க கடை வாசல்ல நின்னு தரையைப் பார்த்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருந்தேன். இந்தத் தடவை முடியலை, அவ்வளவுதான். படிச்சதும் இதைக் கிழிச்சுடுங்க. உங்க வீட்டு அண்ணன்கிட்ட தெருவை மட்டும் சொல்லுங்க, தேதியைச் சொல்லாதீங்க. அவரையாவது அந்தப் பண்டக அறையில உட்கார வைக்காம இருப்போம்.

இவர் பேசினா எதையும் காட்டிக்காதீங்க. போனை எடுத்து நல்லா ரெண்டு திட்டு திட்டுங்க, பாவம், ஏங்கிப் போயிருக்கார். ஆனா நான் எழுதினது மட்டும் அவருக்குத் தெரியவே வேண்டாம். மறுபடியும் விசாரணைன்னு யாராவது வந்து நின்னா, நெஞ்சுல கை வெச்சு "எனக்குத் தெரியாது சார்"னு நிஜமாவே சொல்றதுக்கு வீட்டுல ஒரு ஆள் வேணும் இல்லையா.